வழிக்கு முன்னே வழித்துணை

 

இந்த மாதம் எழுத நினைத்திருந்த விடயம் வேறு. அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம்தான் அதற்குக் காரணம். அவருடைய கணவர் ஓமான் நாட்டில் ஏழு வருடமாக வேலை செய்கிறாராம். தொழுகையாளி, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர். அண்மையில் கூட்டாளிமாரோடு கடற்கரைப் பாதையால் ஸூர் என்ற ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்திருக்கிறார். கடலோரத்தில் நின்று சிரிக்கும் படமொன்றைத் தொலைபேசியில் மனைவிக்கு அனுப்பியிருக்கிறார்.

“இங்கே குசினிக் கூரை ஒழுகுகிறது மௌலவி. பிள்ளையின் சப்பாத்துக்கு அடுத்த மாதம் வரை பொறு என்று சொன்னவரும் அவர்தான். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இது வீண்விரயம் இல்லையா? கேட்டால் சண்டை வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. கேட்கவா, விடவா?” என்று முடிகிறது கடிதம்.

இப்படிக் கேட்பதற்கு உரிமையுள்ள சகோதரிகள் நம் ஊர்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாப்பாவோ, கணவரோ, மகனோ வளைகுடாவில் இல்லாத வீடு எத்தனை இருக்கிறது? ஆகவே அவருக்கு எழுத வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சகோதரி குறிப்பிடும் பாதையில் நானும் போயிருக்கிறேன். 2019 டிசம்பர் பாடசாலை விடுமுறையில் உம்ராவை முடித்துக்கொண்டு திரும்பும்போது, மஸ்கட்டில் வேலை செய்யும் நம் நாட்டுச் சகோதரர்களோடு சில நாட்கள் தங்கினேன். அவர்கள் நால்வர், நான் ஒருவன், ஆக ஐந்து பேர். ஒருவர் புத்தளம், ஒருவர் அக்கரைப்பற்று, ஒருவர் மாவனல்லை, கடைசித் தம்பி பேருவளை. வெள்ளி, சனி இரண்டும் அங்கே விடுமுறை நாட்கள். அந்த இரண்டு நாளில் நாங்கள் போய் வந்த கதையைக் கேளுங்கள். உங்கள் கேள்விக்குரிய பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

அமீர் யார்?

மூன்று பேர் பயணம் போனாலும் தங்களில் ஒருவரை அமீராக, அதாவது தலைவராக, ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. ஹஜ்ஜுக்கும் ஜமாஅத்துக்கும் போகும்போது இதைப் பேணும் நம்மவர்கள், உல்லாசப் பயணம் என்றால் மறந்துவிடுகிறார்கள். பயணம் எதுவானாலும் பாதை பாதைதான், ஆபத்தும் ஆபத்துதான்.

புத்தளத்து நானாவை அமீராக்கினோம். ஐம்பதைத் தாண்டியவர். அந்த நாட்டில் இருபது வருடத்துக்கு மேலாகச் சாரதி வேலை. அவர் செய்த முதல் வேலை ஒரு பழைய கடித உறையை எடுத்து, “ஆளுக்குப் பதினைஞ்சு ரியால் இதுக்குள்ள போடுங்க” என்றதுதான். பெற்றோல், அறை, சாப்பாடு எல்லாம் அந்த உறைக்குள்ளிருந்துதான். தனித்தனியாக யாரும் காசை வெளியே எடுக்கக் கூடாது என்றார். இதுவும் புதிய ஏற்பாடு அல்ல. பயணத்தில் உணவு குறையும்போது எல்லோரும் இருப்பதை ஒன்றாகக் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் அஷ்அரீ கோத்திரத்தாரை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். பொதுப் பை இருந்தால், இருப்பவன் பெருமையடிக்க இடமில்லை; இல்லாதவன் கூசவும் தேவையில்லை. மாவனல்லைச் சகோதரருக்கு அந்த மாதச் சம்பளம் தாமதமாகியிருந்தது. அவருடைய பங்கை யார் போட்டார் என்பது அவருக்கும் தெரியாது. உறையை அமீர் ஒருவர்தான் எண்ணினார்.

இரண்டாவது ஏற்பாடு நேரம் பற்றியது. வெள்ளிக்கிழமை பஜ்ரு உதித்த பிறகு, ஜும்ஆ தவறிப்போகும் விதத்தில் பயணம் புறப்படுவதை நம் ஷாபிஈ மத்ஹப் தடுக்கிறது. வழியில் ஜும்ஆ கிடைக்குமென்றால் தடையில்லை. நாங்கள் பஜ்ருக்கு முன்பே புறப்பட்டோம். ஆனாலும் ஜும்ஆவை வழியில் தீவி என்ற ஊரில் தொழுவதென்று அமீர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார்.

மூன்றாவது ஏற்பாடு சாப்பாடு. பேருவளைத் தம்பி சமையல்காரர். முந்திய இரவே தேங்காய்ச் சோறும், கோழி பொரியலும், சீனிச் சம்பலும் கட்டிவிட்டார். இரண்டு சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சிப் பிளேன்டி. கடையில் சாப்பிட்டால் உறை தாங்காது என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்

மஸ்கட்டிலிருந்து ஸூர் ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர். முன்பு மலைகளைச் சுற்றிக்கொண்டு உள்நாட்டு வழியாலும், கடலோரத்துக் கல் பாதையாலும் போனார்களாம். இன்று குரையாத் என்ற மீன்பிடி ஊரைத் தாண்டியதும் அகலமான பெருந்தெரு கடலோரமாகவே போகிறது. வலது பக்கம் புல் பூண்டில்லாத ஹஜர் மலைத்தொடர், இடது பக்கம் நீலக் கடல். நம் நாட்டில் தென்னையில்லாத கடற்கரையை நாம் காண்பதரிது. அங்கே கல்லும் கடலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஆட்டு மந்தைகளும், பெருந்தெருவை மெதுவாகக் கடக்கும் ஒட்டகங்களும்தான்.

பிம்மா என்ற இடத்தில் நிலம் உள்வாங்கிப் பெரிய கிணறு போல் குழி விழுந்திருக்கிறது. அடியில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் விழுந்த இடம் என்று மக்கள் சொல்வதால் ‘ஹவிய்யத் நஜ்ம்’ என்று பெயர். உண்மையில் சுண்ணாம்புக் கல்லை நிலத்தடி நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒருநாள் மேற்கூரை இடிந்து விழுந்ததால் உண்டான குழி அது. சுற்றிவரப் பூங்கா அமைத்து, இறங்குவதற்குப் படியும் கட்டியிருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டை அங்கே மர நிழலில் அவிழ்த்தோம்.

தொழுகையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், சகோதரிகள் அடிக்கடி கேட்பதுதான். நம் மத்ஹபின் கணக்கில் இரண்டு மர்ஹலா தூரம், அதாவது எண்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம் என்று நம் உலமாக்கள் சொல்லும் தூரத்தை நாடிப் போகிறவர், ஊர் எல்லையைத் தாண்டியதிலிருந்து லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். மஃரிபுக்கும் ஸுபஹுக்கும் சுருக்கமில்லை. ஊர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும். ஓமானில் இபாழி மத்ஹபைச் சேர்ந்தவர்கள் பலர். கையைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார்கள். நாங்கள் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில் ஒரு முதியவர் பேரீச்சம்பழமும் ஏலம் போட்ட கஹ்வாவும் தந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். ‘ஸைலான்’ என்றதும் சிரித்தார். இதைப் பார்த்த பிறகு, நம் ஊர்ப் பள்ளிகளில் சின்னச் சின்ன விடயங்களுக்காக நாம் பிரிந்து நிற்பதை நினைத்துக்கொண்டேன்.

வாதி ஷாபின் வாசலில்

ஜும்ஆ தொழுத தீவி ஊருக்குப் பக்கத்தில்தான் வாதி ஷாப் இருக்கிறது. வாதி என்றால் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. உயர்ந்த பாறைகளுக்கிடையே பேரீச்ச மரங்களும், வாழையும், தெளிந்த தண்ணீர்க் குட்டைகளும். வாசலில் சின்னப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருந்து முக்கால் மணித்தியாலம் போல் பாறைகள் வழியே நடந்தால் குளிக்கக்கூடிய இடம். ஓமானுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படும் இடம் அது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடற்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மலைக்கு மேலே மட்டும் கறுத்த மேகம். அமீர் வாகனத்தை நிறுத்தி, இறங்கி, மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். “இன்டைக்கு உள்ளுக்குப் போறல்ல” என்றார்.

பேருவளைத் தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறு வருடம் அந்த நாட்டில் வேலை செய்தும் மஸ்கட்டைத் தாண்டாதவர். அடுத்த மாதம் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகவிருந்தவர். அவருக்காகத்தான் இந்தப் பயணமே ஏற்பாடானது. “இங்க ஒரு சொட்டு மழை இல்ல நானா. நான் இனி எப்ப வரப் போறன்?” என்றார். மாவனல்லைச் சகோதரரும் அவர் பக்கம் சேர்ந்தார். அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம் என்றார் அக்கரைப்பற்றுச் சகோதரர். மூன்று பேர் ஒரு பக்கம்.

வாதியின் ஆபத்து என்னவென்றால், மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டிய அவசியமில்லை. பல கிலோமீற்றருக்கு அப்பால் மலையுச்சியில் பெய்தாலே போதும். அங்கே மண் குறைவு, பாறைதான் அதிகம். தண்ணீரை உறிஞ்ச ஒன்றும் இல்லாததால் அது அப்படியே திரண்டு இடுக்கு வழியே இறங்கும். கீழே நிற்பவருக்கு வெயில். நிமிடக் கணக்கில் வெள்ளம். 2007 ஜூனில் கோனு என்ற சூறாவளி இந்தக் கரையைத் தாக்கியபோது வாதிகள் பெருக்கெடுத்துப் பலர் மாண்டார்கள். பிற்காலத்தில், 2024 ஏப்ரலில், ஸமத் அஷ்ஷான் பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வாகனத்தை வாதி வெள்ளம் அடித்துச் சென்ற செய்தியை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

தம்பி என் பக்கம் திரும்பி, “ஹஸரத், நீங்க சொல்லுங்க” என்றார். “அமீர் ஒருவர் இருக்கும்போது மௌலவிக்கு வேறு தீர்ப்பு இல்லை” என்றேன்.

அமீர் சத்தம் போடவில்லை. தம்பியின் தோளில் கையைப் போட்டு இப்படிச் சொன்னார்:

“இஞ்ச பாரு தம்பி. ஒன்ட உம்மாட நம்பர் என்ட போன்ல இரிக்கி. ஒனக்கு ஒன்டு நடந்தா அந்த நம்பருக்கு எடுக்க வேண்டியவன் நான்தான். அந்த மனுசிக்கிட்ட என்னண்டு சொல்ற? மழை பெய்யல்லன்டு சொல்றதா?”

அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. வாகனத்தில் ஏறினோம். தம்பி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸூர் வரைக்கும் சுடுதண்ணிப் போத்தலைக் கேட்டவர்களும் கையால்தான் காட்டினார்கள்.

அன்று அந்த வாதியில் வெள்ளம் வந்ததா? எங்களுக்குத் தெரியாது. வராமலே இருந்திருக்கலாம். வந்திருந்தால்தான் அமீரின் முடிவு சரி என்று நாம் நினைப்போமானால், அமானிதம் என்பதை நாம் விளங்கிக்கொள்ளவில்லை. நம்மை நம்பி ஒருவருடைய பிள்ளை நம்மோடு வந்திருக்கிறது. அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது கடமை. அந்தக் கடமையைச் செய்யப்போய், நமக்குப் பிரியமானவரின் கோபத்தையும் சில மணித்தியாலம் சுமக்க வேண்டி வரும்.

இப்னு பதூதா நடந்த பாதை

தீவியிலிருந்து ஸூர் போகும் வழியில், ஸூருக்கு இருபது கிலோமீற்றர் அளவில், கல்ஹாத் என்ற பழைய துறைமுகத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. 2018இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இடம். வாகனத்தில் நிலவிய அமைதியைக் கலைப்பதற்காக, அந்த இடத்தைக் கடக்கும்போது இப்னு பதூதாவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். 1344இல் நம் புத்தளக் கரையில் இறங்கி, பாவா ஆதம் மலையில் ஏறியவர். அதற்குப் பதினான்கு வருடம் போல் முன்னர், இருபத்தைந்து வயதளவிலான வாலிபராக, கப்பலில் ஸூர் துறைக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கல்ஹாத் நகரம் பக்கத்தில் இருப்பது போல் தெரிந்தது. கப்பலில் இருந்தவர்களின் சகவாசம் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்நேரத்துக்குள் நடந்தே போய்விடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஹிழ்ர் என்ற இந்தியத் தோழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வழிகாட்டியாக ஒரு மாலுமியைக் கூலிக்கு அமர்த்தி, தன் உடுப்புகளை அவன் கையில் கொடுத்துப் புறப்பட்டார். அவர் கையில் ஓர் ஈட்டி இருந்தது.

வழிகாட்டியின் எண்ணமோ வேறு. கடல் உள்ளே புகுந்த ஓர் ஆழமான கால்வாய்க்கு அவர்களை அழைத்து வந்து, உடுப்புகளோடு அதைக் கடக்கப் பார்த்தான். இவர்களைத் தண்ணீரில் மாட்டிவிட்டு, உடுப்போடு போய்விடுவது அவன் திட்டம் என்று இப்னு பதூதா புரிந்துகொண்டார். ஈட்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கால்வாயைச் சுற்றிக்கொண்டு போனால் தண்ணீரே இல்லாத வெளி. தாகத்தில் தவித்தபோது, குதிரையில் வந்த ஒருவரும் அவர் கூட்டத்தாரும் தண்ணீர் தந்தார்கள். இரவானது. நகரம் இன்னும் தூரம். தோழர் ஹிழ்ர் சோர்ந்து விழுந்துவிட்டார்.

பாதையை விட்டு விலகி ஒரு முள்மரத்தடியில் படுத்தார்கள். நோயாளித் தோழரைத் தனக்கும் வழிகாட்டிக்கும் நடுவில் படுக்க வைத்து, உடுப்புகளைத் தன் ஆடைக்குள் செருகிக்கொண்டு, ஈட்டியைக் கையில் பிடித்தபடி இரவு முழுக்க விழித்திருந்தார் இப்னு பதூதா. வழிகாட்டி அசையும்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசுவாராம், தான் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியட்டும் என்று. மறுநாள் கல்ஹாத் வாசலை அடைந்தபோது, காலணிக்குள் கால் வீங்கி நகத்தடியில் இரத்தம் வரும் நிலை. அந்த நகரத்து ஆளுநர் நல்ல மனிதர். தன்னிடம் தங்க வைத்தார். ஆறு நாள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நாங்கள் கால் மணித்தியாலத்தில் கடந்த பாதை அது! அவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது. பாதை அதே பாதைதான். ஒரு துணை உடுப்புக்காக உயிரை எடுக்கப் பார்த்தது. இன்னொரு துணைக்காக அவரே தூங்காமல் காவல் இருந்தார். வழிக்கு முன்னே வழித்துணையைத் தேடு என்று அரபிகள் சொல்வது இதனால்தான்.

கதை முடிந்ததும் பேருவளைத் தம்பி முதன்முறையாக வாயைத் திறந்தார். “அப்ப எங்கட நானா ஈட்டி இல்லாத இப்னு பதூதா” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அமீர் மட்டும் சிரிக்காமல், “பிளேன்டி இரிக்கா?” என்று கேட்டார்.

பீபி மர்யமின் நினைவு

சகோதரிகளுக்காகக் கல்ஹாத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஹுர்முஸ் அரசின் இரண்டாவது பெரிய நகரமாக இருந்தது அது. அங்கிருந்து பேரீச்சம்பழமும் குதிரைகளும் இந்தியாவுக்குக் கப்பலேறின. அவர்களுக்கு அரிசி இந்தியாவிலிருந்துதான் வந்தது. அந்த நகரத்தை ஆண்டவர் பஹாஉத்தீன் அயாஸ். அவருக்குப் பின் அதன் நிர்வாகத்தை ஏற்று நடத்தியவர் அவருடைய மனைவி பீபி மர்யம். கடலைப் பார்த்த உயரமான இடத்தில், காஷானி ஓடுகள் பதித்த அழகான பள்ளிவாசலொன்று அங்கிருந்ததாகவும், அதைக் கட்டியவர் பீபி மர்யம் என்ற ஸாலிஹான பெண்மணி என்றும் இப்னு பதூதா எழுதுகிறார்.

1508இல் போர்த்துக்கேயர் அந்த நகரத்தை எரித்தார்கள். பள்ளியும் போனது, சந்தையும் போனது. இன்று கண்ணில் படும்படி நிமிர்ந்து நிற்பது சதுரமான ஒரு கட்டடம் மட்டுமே. அதன் குவிமாடமும் இடிந்திருக்கிறது. பீபி மர்யம் அடக்கத்தலம் என்று மக்கள் அதைச் சொல்கிறார்கள். கணவர் மனைவிக்காகக் கட்டியது என்பாரும் உண்டு, மனைவி கணவருக்காகக் கட்டியது என்பாரும் உண்டு. துறைமுகத்தில் எத்தனை பெரும் வியாபாரிகள் இருந்திருப்பார்கள்? அவர்களின் பெயரைச் சொல்ல ஆளில்லை. ஒரு பெண்ணின் பெயரால் அந்த மண்ணை மக்கள் அடையாளம் காட்டுகிறார்கள்.

ஸூரும் கடலாமையும்

அஸருக்கு ஸூர் சேர்ந்தோம். மரக்கலம் கட்டுவதில் பேர்போன ஊர். ‘ஃபத்ஹுல் கைர்’ என்ற பழைய பெரிய மரக்கலத்தைக் கரையில் ஏற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் கட்டப்பட்டு, பின்பு யெமன் நாட்டுக்குக் கைமாறிப் போனது. ஊர் மக்கள் பணம் சேர்த்து 1993இல் அதை வாங்கித் திருப்பிக் கொண்டு வந்தார்களாம். ஊரை விட்டுப் போன பிள்ளையைத் திருப்பி அழைத்து வருவது போல!

இரவு ஒரே அறையில் ஐந்து பேரும் படுத்தோம். பஜ்ருக்கு வெகு நேரம் முன்பே அமீர் எழுப்பினார். அரபுத் தீபகற்பத்தின் கிழக்கு முனையை ஒட்டிய ராஸுல் ஜின்ஸ் கடற்கரைக்குப் போனோம். 1996 முதல் கடலாமைகளுக்கான பாதுகாப்பு இடம் அது. வழிகாட்டியோடு மட்டுமே இறங்கலாம். கைவிளக்கு அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. நம் ரெக்கவ, கொஸ்கொட கரைகளுக்கு வருவது போன்ற பச்சை ஆமை ஒன்று, ஆளுயரக் குழி தோண்டியது போல் மணலைக் கிளறி, முட்டையிட்டு மூடிவிட்டு, களைத்துக் களைத்துக் கடலை நோக்கி ஊர்ந்தது. ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடுமாம். தான் குஞ்சாகப் பிறந்த கரையைத் தேடியே முட்டையிட வருமாம். ஸுப்ஹானல்லாஹ்! எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் கடலுக்குள் அலைந்தாலும் அதற்குத் தன் கரை எது என்று தெரிகிறது.

பேருவளைத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன். திரும்பி வரும்போது அவர்தான் அமீருக்கு முன்னால் போய், “நானா, நேத்து நான் கொஞ்சம் மொகத்தக் காட்டிட்டன்” என்றார். “நீ காட்டின மொகத்த நான் பாக்கல்ல, ரோட்டத்தான் பாத்தன்” என்றார் அமீர்.

சகோதரிக்குப் பதில்

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், சகோதரி. தாராளமாகக் கேளுங்கள். ஆனால் படத்தில் சிரிக்கும் கணவரை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்காதீர்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்களையும் பாருங்கள்.

முதலாவது, மனைவி மக்களின் செலவு கணவர் மீது கடமை. அந்தப் பணத்தை எடுத்து ஊர் சுற்றுவது எந்த நியாயத்திலும் சரியாகாது. கூரையும் சப்பாத்தும்தான் முந்தும். ஆனால் தன் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, வருடத்தில் ஒரு முறை கடலைப் பார்க்கப் போனால் அதை வீண்விரயம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஐவரின் உறையைப் போல அவருடைய செலவும் சிறியதாக இருக்கலாம். “எவ்வளவு முடிந்தது?” என்று அன்பாகக் கேட்டால் தெரிந்துவிடும். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஏழு வருடம் கிடப்பவருக்கு மூச்சு விட ஒரு நாள் தேவைப்படுவதும் உண்மைதான்.

இரண்டாவது, காசைப் பற்றிக் கேட்பதோடு இவற்றையும் கேளுங்கள்: யாரோடு போனீர்கள்? அமீர் யார்? வாகனத்தை ஓட்டியவர் இரவு தூங்கினாரா? தொழுகைகள் தவறாமல் கிடைத்தனவா? இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால் அல்ஹம்துலில்லாஹ், உங்கள் கணவர் நல்ல கைகளில் இருக்கிறார். பதில் தடுமாறினால் பதினைந்து ரியாலை விடக் கவலைப்பட வேண்டிய விடயம் அங்கே இருக்கிறது.

மூன்றாவது, அந்தத் தோழர்களில் இருவரின் தொலைபேசி இலக்கத்தையாவது வாங்கி எழுதி வையுங்கள். பிறநாட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும், விபத்து என்றாலும், முதலில் ஓடி வருவது பக்கத்துக் கட்டில்காரர்தான். தூதரகமும் கம்பனியும் அதற்குப் பிறகுதான். பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார் என்று தெரியாமல் எத்தனை வருடம் இருந்திருக்கிறீர்கள்?

வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை மனைவிமார் படம் பிடித்து அனுப்பட்டும். பயணம் போகுமுன் வீட்டுக்குச் சொல்லுங்கள். போய் வந்த பிறகு படம் அனுப்புவது அறிவிப்பு. போகுமுன் சொல்வது மரியாதை. “இன்ன இடத்துக்கு, இன்னாரோடு, இவ்வளவு செலவில் போகிறேன், துஆச் செய்” என்று சொன்னால் அந்தப் படம் வந்து சேரும்போது மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். பயணம் என்பது வேதனையின் ஒரு துண்டு, வேலை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்பதும் நபியவர்களின் போதனைதான். அந்த ஆமைக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும்.

கடைசியாக, சகோதரி, கடல் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒலுவிலோ பாசிக்குடாவோ எவ்வளவு தூரம்? வாப்பாவையோ, தம்பியையோ, மாமியையோ கூட்டிக்கொண்டு, ஒரு பார்சல் சோற்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒரு மாலை போய் வாருங்கள். பிள்ளைகள் மணலில் ஓடுவதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஏழு வருடமாக அவர் பார்க்காத சிரிப்பை அவரும் பார்க்கட்டும். கூரையைப் பற்றிப் பேசுவதற்கும் அது நல்ல தொடக்கமாக அமையும்.

பிரயாணத்தில் இருக்கும் நம் ஆண்மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல துணையைத் தருவானாக. அவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.